பத்தொன்பதாவது பம்பு

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டில்களில் ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பது நின்றது. வித்யாஸ்ரீ அதைச் சும்மாதான் பார்த்தாள். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி, கையில் பாதி குடித்த டீ. திருநகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்திக்கொண்டிருந்த அந்தத் தண்ணீர் ஆராய்ச்சிக்கூடத்தில் மொத்தமே நாலு பேர். வாட்ச்மேனையும் சேர்த்துத்தான் நாலு. எட்டாம் நம்பர் பாட்டில் தொட்டிக்குள் கிடக்கும் என்று எட்டிப் பார்த்தாள். இல்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து ஒவ்வொரு பாட்டிலாக விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள். பதினாறுக்கு அடுத்து பதினெட்டு. கடைசி பாட்டிலில் இருபத்தேழு என்று எழுதியிருந்தது. ஆனால் மொத்தம் இருபத்துநாலு பாட்டில்தான் இருந்தது.

கீழே வாசலில் காளை ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. ஜீப் ஓட்டுவதும் அவர்தான், ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வருவதும் அவர்தான். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"காளையண்ணே, எட்டாம் நம்பர் பாட்டில் உடைஞ்சு போச்சா?"

"எட்டா? நான் எட்டு எழுதுறதே இல்லையே பாப்பா."

"எழுதுறதில்லைன்னா?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "எட்டு ஆகாது. கூட்டினா எட்டு வாரதும் ஆகாது. பதினேழு, இருபத்தாறு, அதெல்லாம் விட்டுருவேன். எந்தம்பியும் நானும் முன்ன ஒரு வேன் வச்சிருந்தோம்ல, அதோட நம்பரைக் கூட்டினா எட்டு. அவன் போனது அந்த வண்டியிலதான். அதுலருந்து நான் எதுலயும் எட்டு போடுறதில்ல. ஏன், முன்ன இங்க இருந்த பாலமுரளி சாருக்குத் தெரியுமே."

மதுரையில் இது ஒன்றும் அதிசயமில்லை. எட்டாம் நம்பர் வந்தால் லாரிக்காரர் பணம் கட்டி வேறு நம்பர் வாங்குவார்; லாட்ஜில் எட்டாம் அறைக்கு ஏழு ஏ என்று போர்டு மாட்டுவார்கள். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாததா. அவளுடைய அம்மா பத்மாசினியே எட்டாம் தேதி புதுச் சேலை கட்ட மாட்டாள். வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. டீ கிளாஸை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாமல் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள்.

விஷயம் இதுதான். திருமங்கலத்துக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் இடையே உள்ள கரிசல் காட்டு ஊர்களில் இருபத்துநாலு அடிபம்புகளை அவர்கள் சோதித்தார்கள். காட்டில் கொட்டுகிற யூரியா மழையோடு இறங்கினால் தண்ணீரில் நைட்ரேட் ஏறும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தால்தான் வினை. ரத்தம் மூச்சுக்காற்றைச் சுமக்காமல் போய்விடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கவனிக்காமல் விட்டால் பிள்ளை தங்காது. லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டிய பம்புக்குச் சிவப்பு பெயிண்ட், தாண்டாததற்குப் பச்சை. படிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு பம்புக்கும் இரண்டு ஃபைல். பம்பு எங்கே இருக்கிறது என்பதைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவி எழுதும், காளை பம்புக்குப் பம்பு பட்டனை அமுக்கினால் அதுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொள்ளும். தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் என்பதை இன்னொரு கருவி எழுதும். அந்த ஃபைலுக்குப் பாட்டிலில் இருக்கிற நம்பர்தான் பெயர். ஆக, இந்தப் பக்கம் ஒரு கட்டு ஃபைல், அந்தப் பக்கம் ஒரு கட்டு ஃபைல். இரண்டையும் ஜோடி சேர்த்து வரைபடமாக்குகிற மென்பொருள் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்து மேய்ந்துகொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டிருந்த ஒன்று. திரையில் கட்டம் கட்டமாக வரும். கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்துவிட்டால் ஃபைல்கள் ஒரு கட்டத்தில் நுழைந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்.

அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பாலமுரளி, இரண்டு கட்டு ஃபைலையும் வரிசைப்படி சேர்க்கச் சொல்லியிருந்தான். முதலாவதோடு முதலாவது, எட்டாவதோடு எட்டாவது, அவ்வளவுதான். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த வித்யாஸ்ரீ அதைப் பார்த்து முகம் சுளித்தாள். நடுவில் ஒரு ஃபைல் விழுந்துபோனால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகுமே. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் மடல்களிலும், வரிசையை நம்பாதீர்கள், பெயரை வைத்துச் சேருங்கள் என்றுதான் இருந்தது. அவள் அப்படியே மாற்றினாள். ஒன்பது என்று பெயருள்ள ஃபைல் ஒன்பதோடுதான் சேரும்; ஜோடி இல்லாதது தனியாக ஒதுங்கும். இதைச் செய்து முடித்த அன்று அவளுக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னாள். பத்மாசினிக்கு என்ன புரிந்ததோ, நல்லதுதான் என்றாள்.

இப்போது அந்தத் தனியாக ஒதுங்கியவற்றின் பட்டியலைத் திறந்தாள். இவ்வளவு நாள் திறந்தே பார்த்ததில்லை. அதில் இருபத்தைந்தாம் பாட்டிலும் இருபத்தேழாம் பாட்டிலும் இருந்தன. அளவு இருக்கிறது, ஊர் இல்லை. இருக்கிறதே இருபத்துநாலு பம்பு, இருபத்தேழாம் பாட்டில் எங்கிருந்து வரும்? அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். பெட்டியில் கைக்கு வந்த பாட்டிலை எடுத்து அளப்பது வழக்கம், வரிசை பார்ப்பதில்லை. கை தன் பாட்டுக்குத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது.

ஏழு வரைக்கும் சரி. எட்டாவது பம்பின் தண்ணீர் ஒன்பதாம் பாட்டிலில் இருக்கிறது. மென்பொருள் அதை ஒன்பதாவது பம்புக்குக் கொடுத்துவிட்டது. அங்கிருந்து எல்லாமே ஒன்று தள்ளி. பதினேழையும் காளை விட்டாரே, அதற்குப் பிறகு இரண்டு தள்ளி. இருபத்துநாலுக்கு இருபத்திரண்டு விடைதான் வந்தது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். கல்லுப்பட்டி ரோட்டில் ஜீப் குதித்ததில் இரண்டு பாட்டில் உடைந்திருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. அறிக்கையில் "உடைந்தவை: இரண்டு" என்று அவள் கையாலேயே எழுதினாள்.

நோட்டை எடுத்து ஒரு பக்கம் பம்பு, ஒரு பக்கம் பாட்டில் என்று எழுத ஆரம்பித்தாள். பதினாறுக்கு நேரே பதினெட்டு. பதினேழுக்கு நேரே பத்தொன்பது. பதினெட்டுக்கு இருபது. பத்தொன்பதுக்கு இருபத்தொன்று. பத்தொன்பதாவது பம்பின் தண்ணீர் இருபத்தொன்றாம் பாட்டிலில் இருந்திருக்கிறது. இருபத்தொன்றாம் பாட்டிலின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்தச் சுற்றிலேயே அதுதான் அதிகம், இருநூற்றுப் பன்னிரண்டு.

பத்தொன்பதாவது பம்புக்குப் பச்சை அடித்து இன்றோடு பன்னிரண்டு நாள்.

அடித்தபோது அவளும் அங்கே நின்றாள். கல்லுப்பட்டியைத் தாண்டி ஆறு கிலோமீட்டரில் சின்னக்கரட்டுப்பட்டி. காளை பெயிண்ட் அடிக்க, அவள் பட்டியலை வைத்துக்கொண்டு நம்பர் சொன்னாள். பம்புக்கு எதிர்வீட்டுப் பெண், முத்துத்தாய் என்று பெயர், இரண்டு மாதப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. தாய்ப்பால் இறங்கவில்லை, பவுடர் பால்தான். மெயின் ரோட்டுக் குழாய்க்கு ஒன்றரை மைல் நடந்து போய்த் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாள். தையல் இன்னும் வலிக்கிறது என்று அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுல பிள்ளைக்குக் குடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். படித்த பெண் யார் வந்தாலும் அந்த ஊரில் டீச்சர்தான். வித்யாஸ்ரீ பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள். பதினெட்டு மில்லிகிராம். தாராளமாகக் கொடுக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

டைரக்டர் ஹரிஷங்கருக்கு போன் போட்டாள். அவர் சென்னையில் இருந்தார். பதினோரு மணிக்கு அதிகாரிகள் முன்னால் இதே வரைபடத்தைத்தான் போட்டுக் காட்டப்போகிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"உடைஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"வித்யா, நான் சொல்றதைக் கேளு. இப்ப எதையும் தொடாதே. யார்கிட்டயும் பேசாதே. திங்கட்கிழமை நான் வந்ததும் எல்லா பம்புத் தண்ணியையும் திரும்பப் பிடிச்சு டெஸ்ட் பண்ணிட்டு, நிதானமா முடிவு பண்ணலாம். ஊர்ல போய் நாம தப்பா பெயிண்ட் அடிச்சிட்டோம்னு சொன்னா நாளைக்கு ஒருத்தன் நம்மளை நம்புவானா?"

"சார், அங்க ஒரு கைக்குழந்தை இருக்கு."

"பன்னிரண்டு நாள் ஒண்ணும் ஆகலையோன்னோ? நாலு நாள்ல என்ன ஆயிடப்போறது. உன் கான்ட்ராக்ட் பேப்பர் வேற என் டேபிள்ல இருக்கு. எனக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

ஒன்றும் ஆகவில்லை என்று இவருக்கு யார் சொன்னது? யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதானே. முத்துத்தாய் வீட்டில் போன் கிடையாது. வேலை போனால் என்ன ஆகும் என்பதும் மனதில் ஓடத்தான் செய்தது. ஓடவில்லை என்றால் அது பொய். தம்பிக்கு இந்த வருஷம் கடைசி செமஸ்டர். அப்பாவுக்குக் கண் மங்கித் தறியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இதெல்லாம் ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் முத்துத்தாய் கேட்ட கேள்வி ஓடியது. மாடிப்படியில் இறங்கி வந்து ஜீப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, சின்னக்கரட்டுப்பட்டிக்குப் போகணும். இப்பவே."

"சார் சொன்னாரா?"

"போக வேண்டாம்னு சொன்னாரு."

காளை அவள் முகத்தைப் பார்த்தார். நோட்டை நீட்டி அவள் விஷயத்தைச் சொன்னாள். குற்றம் சொல்கிற தொனி வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அப்படியும் எட்டு என்கிற வார்த்தை வருகிற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாலமுரளியிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டு, உங்கள் இஷ்டம் அண்ணே, அதற்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுக்கொள்கிறேன் என்றானாம். அதை ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்காமல் பெங்களூருக்குப் போய்விட்டான் பாவி. அவள் எதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திருத்தினாளோ அதுதான் சரியாக இருந்திருக்கிறது. காளை ஷெட்டுக்குள் போய், மிச்சமிருந்த சிவப்பு பெயிண்ட் டின்னை எடுத்துவந்து முன்சீட்டுக்குக் கீழே வைத்தார்.

திருமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எந்த ரயிலோ, வருகிற வழியாக இல்லை. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னலில் வந்து நின்று கேட்டுவிட்டு, இவள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போனாள். கேட் திறந்து, ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல் காடு வந்தது. பருத்தி எடுத்தபின் மிஞ்சிய மார்க்குச்சிகள் அங்கங்கே கருகி நின்றன. டின்னின் மூடி சரியாக மூடாமல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயிண்ட் தளும்பியது. அவள் குனிந்து இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் சிவப்பு.

"பாப்பா," என்றார் காளை, ரோட்டைப் பார்த்தபடி. "அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, என்னாலதான?"

"இல்லண்ணே. நான் கேட்டிருக்கணும்."

"நான் சொல்லியிருக்கணும்ல."

அதற்குமேல் வாய்விட்டுப் பேசினால் நடந்துவிடுமோ என்கிற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. தெருமுனையில் பந்தல் போட்டிருக்கிறதா, கூட்டம் நிற்கிறதா என்று கல்லுப்பட்டி தாண்டியதிலிருந்தே அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊருக்குள் நுழையும்போது எங்கோ ஒரு வீட்டில் பாட்டுதான் சத்தமாக ஓடியது. அதைக் கேட்டதும் கொஞ்சம் உயிர் வந்தது.

பத்தொன்பதாவது பம்பில் கூட்டம். முன்பு நாலு குடம்தான் நிற்கும். இன்று தெரு முழுக்கப் பிளாஸ்டிக் குடம் வரிசை கட்டியிருந்தது. சாவடிக்குப் பின்னால் இருக்கிற இருபத்தொன்றாவது பம்புக்குச் சிவப்பு அடித்துவிட்டதால் அந்தத் தெருவும் இங்கேதான் வருகிறதாம். அடித்துக்கொண்டிருந்த ஒச்சாயி என்கிற கிழவி அவளைப் பார்த்ததும் கைப்பிடியை விடாமலே சிரித்தாள்.

"வாங்க டீச்சர். இம்புட்டுப் பேருக்கும் உங்க புண்ணியத்துல இந்தத் தண்ணிதான்."

பின்னால் வந்த காளைதான் சொன்னார். "அடிக்காதீக. யாரும் அடிக்காதீக. கலரு மாறிப்போச்சு. இதுதான் சிவப்பு." அவர் டின்னைத் தரையில் வைத்துப் பிரஷ்ஷை முக்கினார். பச்சையின் மேல் முதல் இழுப்பு விழுந்தது. ஒருத்தி தன் குடத்தைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றிவிட்டு, ஊற்றிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே இருட்டு, வெயிலிலிருந்து போனவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுப்பில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. முத்துத்தாய் எழுந்து வந்து பாயை உதறிப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். நீங்க சொன்னதுலருந்து நான் ரோட்டுக்கே போகல. பிள்ளைக்கும் இந்தத் தண்ணிதான். சும்மா குடுக்கல, சுண்டக் கொதிக்க வச்சுத்தான் குடுக்குறேன்."

கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர்தான் சுண்டும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், இன்னும் கெட்டியாக. இதை அன்றைக்கே இவளிடம் சொல்லியிருக்கலாம். பச்சை என்பதால் சொல்லத் தோன்றவில்லை. வித்யாஸ்ரீ பாயில் உட்காரவில்லை.

"முத்துத்தாய், நான் தப்புப் பண்ணிட்டேன். கணக்கு மாறிப்போச்சு. இந்தத் தண்ணியப் பிள்ளைக்குக் குடுக்கக் கூடாது."

முத்துத்தாய் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "பச்சைன்னீங்களே டீச்சர்," என்றாள்.

"ஆமா. சொன்னேன். தப்பு."

"பச்சைன்னுதான சொன்னீங்க."

"பிள்ளை எங்க? எப்படி இருக்கான்?"

"தூங்குறான்." அவள் விட்டத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலைப் பார்த்தாள். "முந்தியெல்லாம் ஒரே அழுகை. ரெண்டு நாளாத்தான் சத்தமே இல்ல, தூங்கிக்கிட்டே கெடக்கான். தண்ணி ஒத்துக்கிருச்சு, சமத்தாயிட்டான்னு எங்க அத்தைகூடச் சொன்னாக." சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் பாதியில் நின்றது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வித்யாஸ்ரீ தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். பிள்ளை மூச்சு விட்டது. வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. உதட்டின் நிறம் தெரியவில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் மைப்பொட்டு, உதட்டோரத்தில் காய்ந்த பால். இருட்டில் எல்லாமே ஒரே கருப்பாகத்தான் இருந்தது.

"காளையண்ணே, வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். பிறகு முத்துத்தாயிடம், "பிள்ளைய எடுங்க. வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க," என்றாள்.

முத்துத்தாய் அள்ளி எடுத்த வேகத்தில் தொட்டில் தனியாக ஆடியது. இருவரும் வாசலுக்கு வந்தார்கள். உச்சி வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. காளை பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினார். பாதி பச்சையும் பாதி சிவப்புமாகப் பம்பு நின்றது, பெயிண்ட் கைப்பிடி வழியாகச் சொட்டியது. பெண்கள் குடங்களை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றதில் பிள்ளையின் முகத்தில் மறுபடியும் நிழல் விழுந்தது. "தள்ளுங்கடி, வெளிச்சம் வரட்டும்," என்று ஒச்சாயி அவர்களை இழுத்துவிட்டாள்.

வித்யாஸ்ரீ பிள்ளையின் வலது கையைப் பிடித்தாள். உதட்டைவிட நகத்தில்தான் நீலம் நன்றாகத் தெரியும் என்று படித்திருக்கிறாள். கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிய முஷ்டி. தன் விரலில் இருந்த சிவப்பு அதன் தோலில் ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்தாள், அது இன்னும் பரவியது. ஜீப் உறுமிக்கொண்டு பின்னால் வந்து நின்றது.

"என்ன டீச்சர் பாக்குறீங்க? சொல்லுங்க," என்றாள் முத்துத்தாய். வித்யாஸ்ரீ அந்தச் சின்னச் சுண்டுவிரலை நகத்துக்கு வலிக்காமல், மெல்ல, வெளியே எடுக்கப் பார்த்தாள். பிள்ளை தூக்கத்திலேயே விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டது.